கடலை மூட்டைக்கு ஒரு நியாயம், அப்பாயிக்கு ஒரு நியாயமா?



ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஆலங்குடி வீட்டில் எல்லாமே நமத்துப் போகும். அப்பளம், தீப்பெட்டி, செருப்பு, என்னுடைய காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டு எல்லாமே. பின்பக்க அறையின் சுவரில் ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, தொட்டால் பொலபொலவென்று உதிரும். அந்த அறையில்தான் என் அப்பாயி படுத்துக்கொள்வார். கார்த்திகை வந்ததும் அவருக்கு இழுப்பும் வந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த விசில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று, வீட்டில் வயசானவர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மாமா போன தீபாவளிக்கு வந்தபோது ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். டிஹ்யூமிடிஃபையர். காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிடித்துத் தண்ணீராக்கி ஒரு தொட்டியில் சேர்க்கும் மெஷின். சிங்கப்பூரில் துணி காயவைக்க, அலமாரியில் பூசணம் பிடிக்காமல் இருக்க இதைப் போட்டுக்கொள்வார்களாம். மூன்று சதுரமுனை ப்ளக். அதற்கு ஒரு அடாப்டர் வாங்கவே நான் புதுக்கோட்டை வரை போய்வந்தேன். காலையில் தொட்டியில் தண்ணீரைப் பார்த்த அப்பாயி, "ஏப்பா, மாடு இல்லாமயே கறக்குதேப்பா" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பெயர் 'கறக்குற பொட்டி'.

இந்தப் பொட்டி எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். காமர்ஸ் படிக்கிறவனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதீர்கள். தேடத் தேட இதற்குள் ஒரு பெரிய வணிக வரலாறு இருக்கிறது. கடைசியில் அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

டிஸ்கி: நான் இஞ்சினியர் இல்லை, டாக்டரும் இல்லை. பி.காம். மாணவன். அதை மனதில் வைத்துப் படிக்கவும் :-)

கம்பளியும் தலைமுடியும்

காற்றில் ஈரம் இருக்கிறது என்பது நம் பாட்டிகளுக்கு எப்போதும் தெரியும். கல்லுப்பு கசிந்தால் மழை வரும் என்பார்கள். அதில் அறிவியல் இருக்கிறது. ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். (அந்த வெப்பநிலையில் காற்றால் அதிகபட்சம் எவ்வளவு ஆவியைத் தாங்க முடியுமோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதுதான் ஒப்பு ஈரப்பதம்.) நம் ஊர் உப்பு ஜாடி இலவசமாகக் கிடைத்த ஈரமானி!

அதை அளக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் யோசித்தவர்களில் முதலில் வருபவர் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிக்கோலஸ் ஆஃப் கூசா என்ற ஜெர்மன் பாதிரியார். தராசின் ஒரு தட்டில் கம்பளியும் மறு தட்டில் கல்லும் வைத்துச் சமப்படுத்து, காற்று ஈரமானால் கம்பளித் தட்டு இறங்கும் என்று எழுதினார். 1783ல் ஜெனீவாவைச் சேர்ந்த சோசூர் என்ற அறிஞர் மனிதத் தலைமுடியை வைத்து ஒரு ஈரமானி செய்து புத்தகமே எழுதினார். ஈரத்தில் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். அதோடு ஒரு முள்ளை இணைத்துவிட்டால் கருவி தயார்.

அளப்பது ஒரு விஷயம், குறைப்பது வேறு விஷயம். அதற்கு இன்னும் 119 வருடம் ஆனது. அதைச் செய்ய வைத்தது யாருடைய இருமலும் இல்லை. ஒரு அச்சகத்தின் நஷ்டம்.

1902: காகிதத்துக்காக வந்த மெஷின்

நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்று ஒரு லித்தோ அச்சகம். கலர் படம் அச்சடிக்க ஒரே தாளை ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப மெஷினில் விட வேண்டும். கோடையில் காற்றின் ஈரம் ஏறி இறங்கும். தாள் அதற்கேற்ப விரியும், சுருங்கும். நேற்று அடித்த மஞ்சள் மேல் இன்றைய சிவப்பு சரியாக உட்காராது. அடித்ததெல்லாம் கழிவு.

இந்தத் தலைவலி பஃபலோ ஃபோர்ஜ் என்ற கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடமே ஆன வில்லிஸ் கேரியர் என்ற இளைஞரிடம் வந்தது. வயது 25. ஏறக்குறைய நம் செட்டுதாங்க! 1902 ஜூலை 17 தேதியிட்டு அவர் வரைபடம் போட்டார். குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை ஓட விடு, காற்று குளிரும்போது அதனால் பழைய அளவு ஆவியைத் தாங்க முடியாது, மிச்சம் தண்ணீராகச் சொட்டிவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே கதை. குறி வைத்த அளவு 55 சதவீத ஈரப்பதம்.

உலகம் முழுக்க ஏ.சி.யின் பிறந்த நாளாகக் கொண்டாடுவது இந்த மெஷினைத்தான். கவனியுங்கள், அது மனிதனைக் குளிர்விக்கப் பிறக்கவில்லை. காகிதத்தைக் காய வைக்கப் பிறந்தது. சரியாகச் சொன்னால் ஏ.சி.யே ஒரு டிஹ்யூமிடிஃபையராகத்தான் பிறந்தது. மனிதர்கள் காசு கொடுத்து அந்தக் குளிரை அனுபவிக்க, 1925ல் நியூயார்க் ரிவோலி போன்ற சினிமா தியேட்டர்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'ஏர் கண்டிஷனிங்' என்ற வார்த்தையும் ஒரு பருத்தி ஆலைக்காரர் கொடுத்ததுதான். 1906ல் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிராமர் அந்தப் பெயரை வைத்தார். அவருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். காற்று காய்ந்தால் நூல் அறும். அதனால் ஆலைக்குள் ஈரத்தைக் கூட்ட வேண்டும்.

பிரிட்டனில் லங்காஷயர் ஆலைகளில் இந்த வேலையை அதற்கும் முன்பே முரட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தார்கள். நூல் அறாமலிருக்க நெசவுக் கூடத்துக்குள் நீராவியைப் பாய்ச்சினார்கள். நூலுக்கு நல்லது. அங்கே நாள் முழுக்க நின்றவர்களுக்கு? தொழிலாளர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்து, 1889ல் பருத்தி நெசவு ஆலைகளின் ஈரப்பதத்துக்கு வரம்பு வைத்து ஒரு சட்டமே வந்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு இதே விஷயத்துக்காக எழுதப்பட்டது. செயற்கையாக ஈரம் ஏற்றும் ஆலைகளுக்கு அரசு விதி வகுக்கலாம், அதற்கு எடுக்கும் தண்ணீர் குடிநீராகவோ நன்றாகச் சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்றது. தொழிற்சட்டப் பாடத்தில் இதை இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நூலுக்காக மனிதனை நனைத்த கதை அதற்குப் பின்னால் இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

சிவகாசிக்கு இயற்கை கொடுத்த மெஷின்

கேரியர் இயந்திரம் வைத்துச் செய்ததை வானமே செய்து கொடுத்த ஊர் ஒன்று நம்மிடம் இருக்கிறது. சிவகாசி. மழை குறைவு, விவசாயம் கஷ்டம். 1920களின் தொடக்கத்தில் அந்த ஊரிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வறண்ட காற்று தீக்குச்சிக்கு வரமானது. குச்சியும் பசையும் மருந்தும் வெயிலிலேயே காய்ந்தன. அப்புறம் பட்டாசு. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே, அதனால் லித்தோ அச்சு. அது வளர்ந்து காலண்டர், டைரி. புரூக்ளின் அச்சகம் காசு கொட்டி வாங்கிய வறண்ட காற்று இங்கே சும்மா கிடைத்தது. உற்பத்திக் காரணி என்றால் நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவு என்று நான்கு எழுதுவோம். சிவகாசிக்கு ஐந்தாவதாக 'ஈரமின்மை' என்று சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நம் பக்கத்து ஊர்க் கதை ஒன்றும் உண்டு. காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் புத்தகங்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள் என்று சேர்த்து வைத்தார். 1992ல் அவர் மறைந்த பின் அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, ஊர் கடத்தாமல் சென்னையிலேயே 1994ல் நூலகமாக்கியது. பழைய காகிதத்துக்குக் கறையானும் ஈரமும்தான் எமன். அதற்கு முன் ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே போராட்டம்தான். எண்ணெய் தடவுவது, வசம்பு வைப்பது, துணியில் சுற்றுவது, அப்படியும் தாங்காவிட்டால் புது ஓலையில் படி எடுப்பது. அப்படிப் படி எடுக்க ஆள் இல்லாமல் போன ஏடுகள் போயே போய்விட்டன.

வான்கோழியும் நம்ம ஊர்க் கடலையும்

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆலங்குடிப் பக்கம் கடலை பூமி. என் தாத்தா கடலை விவசாயி, கொஞ்சம் யாவாரமும் உண்டு. ஆடிப்பட்டத்தில் போட்டதை எடுத்துக் களத்தில் காய வைத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். கலகலவென்று சத்தம் வந்தால்தான் மூட்டை பிடிப்பார். மார்கழிப் பட்டத்துக்கு வேண்டிய விதைக்கடலை மட்டும் வீட்டின் முன் அறைக்குப் போகும். எங்கள் வீட்டிலேயே வெயில் படுகிற, ஓதம் இல்லாத ஒரே அறை அதுதான். தரையில் பலகை, அதன் மேல் மூட்டை. சுவரில் மூட்டை உரசக்கூடாது. ஈரக்காலோடு நாங்கள் அங்கே நுழைந்தால் திட்டு விழும்.

தாத்தா செய்தது சரிதான். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று செத்தன. காரணம் தெரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். கடைசியில் அவற்றுக்குப் போட்ட பிரேசில் கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தது தெரிந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற அந்தப் பூஞ்சை சுரக்கும் விஷத்துக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். அது மனிதர்களுக்கு ஈரல் புற்றுநோயையே உண்டாக்கக்கூடியது. கடலையின் ஈரத்தை 8 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்து மூட்டை கட்டுங்கள் என்று சொல்வது இதனால்தான். தாத்தாவுக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. கலகல சத்தம் தெரியும், அது போதுமாக இருந்தது.

தாத்தாவின் பழைய பேரேடு ஒன்று இன்னும் இருக்கிறது. அதில் ஒரு வருடம், 'நனைஞ்சது, ரெண்டு மூட்டை கழிவு' என்று நட்டம் எழுதியிருக்கிறார். கணக்கில் மனிதர் கறார். ஆனால் அப்பாயி எத்தனை வருடமாக இருமுகிறார் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. மூட்டைக்குப் பணமதிப்பு உண்டு, பேரேட்டில் ஏறும். மூச்சுக்கு இல்லை, ஏறாது. பணத்தால் அளக்க முடிவதை மட்டும் பதிவு செய் என்று எங்கள் கணக்கியல் பாடத்தில் ஒரு கோட்பாடு உண்டு. தாத்தா அதைப் படிக்காமலே கடைப்பிடித்திருக்கிறார்.

தாத்தாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புரூக்ளினில் காகிதம், சிவகாசியில் தீக்குச்சி, எங்கள் வீட்டில் கடலை. உலகம் முழுக்க முதலில் சரக்குதான் காய்ந்தது. வீட்டில் இருக்கும் ஓதமும் பூசணமும் மூச்சுக் கோளாறுகளையும் ஆஸ்துமாவையும் கூட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே தனி வழிகாட்டிப் புத்தகம் போட்டது 2009ல். கேரியர் மெஷினுக்கு அப்புறம் 107 வருடம் கழித்து!

பொட்டி என்ன செய்தது, என்ன செய்யவில்லை

சரி, விஷயத்துக்கு வருவோம். மெஷின் வேலை செய்ததா?

முதல் ஒரு வாரம் தண்ணீர் கறந்துகொண்டே இருந்தது, அறை மட்டும் காயவில்லை. காரணம், அப்பாயி "காத்து வேணும்ப்பா" என்று ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கனமீட்டர் காற்று. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் ஆவியைத் தாங்கும். 90 சதவீத ஈரப்பதத்தை 60க்குக் கொண்டுவர எடுக்க வேண்டிய தண்ணீர் வெறும் 300 மில்லி. ஒன்றரை டம்ளர்! அப்படியானால் தொட்டியில் இரண்டு லிட்டர் எங்கிருந்து வந்தது? ஜன்னல் வழியாக ஆலங்குடி வானத்தையே காய வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜன்னலைச் சாத்திவிட்டு ஓட்டினோம். ஈரம் இறங்கியது, புழுக்கம் ஏறியது. அதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த குழாயில் தண்ணீரைப் பிரித்தபின் அதே காற்றை மெஷின் தன் சூடான குழாய் மேல் ஓட்டி வெளியே விடுகிறது. தவிர, ஒரு லிட்டர் ஆவி தண்ணீராக மாறும்போது கிட்டத்தட்ட 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைக் கக்கும். ஆக, இது ஏ.சி. இல்லை. பகலில் ஆள் இல்லாதபோது கதவைச் சாத்தி ஓட்டிவிட்டு, படுக்கப் போகும்போது நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தோம். 250 வாட் மெஷின் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். அப்போது நம் ஊரில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைத்தது 100 யூனிட். அப்பா கரண்ட் பில்லைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது :-)

துணியில் பூசணம் நின்றது. தலையணை முடைநாற்றம் போனது. சுவர் மட்டும் காயவே இல்லை.

ஏனென்றால் சுவருக்கு ஈரம் காற்றிலிருந்து வரவில்லை. தெருவில் சிமெண்ட் ரோடு மேல் ரோடு போட்டு உயர்ந்து, எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. மழைத்தண்ணீர் ஓடி வந்து சுவரோரம் நிற்கும். விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல் செங்கல் அதை மேலே இழுக்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயலில் ஓடு பறந்து சுவர் நாள்கணக்கில் நனைந்தது. அந்தச் சுவருக்கு அப்புறம் நாங்கள் செய்தது இன்னும் மோசம். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு, சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்தோம். சுண்ணாம்பு தான் இழுத்த ஈரத்தை மூச்சு விடுவது போல் வெளியே விட்டுவிடும். பெயிண்ட் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம்தான் கொப்புளமாகக் கிளம்பியிருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவரையும் நடு முற்றத்தையும் அழகுக்காக என்று நினைத்திருந்தேன். அது வீடு மூச்சு விட்ட வழி.

இதைச் சொல்லிச் சொல்லி, போன மாசியில் அப்பா ஒத்துக்கொண்டார். சுவரோரம் ஒரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினோம். உள்சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட்டையும் சிமெண்ட்டையும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினோம். செலவு மெஷின் விலையை விடக் கம்மிதான்.

ஆனால் இதையெல்லாம் விடப் பலன் தந்த வேலைக்கு ஒரு பைசா செலவில்லை. இந்த ஐப்பசியில் முன் அறை மூட்டைகளைப் பின் அறைக்கு மாற்றிவிட்டு, அப்பாயியின் கட்டிலை முன் அறையில் போட்டோம். முதலில் அவர் சம்மதிக்கவே இல்லை. "வெதக் கல்லை ஓதமேறிப் போச்சுன்னா என்னப்பா பண்ணுவீங்க? நான் எங்க கெடந்தா என்ன?" என்றார். ஐம்பது வருடம் அந்த வீட்டில் இருந்தவர் தன்னை எந்த இடத்தில் வைத்திருந்தார் என்று அந்த ஒரு வார்த்தையில் தெரிந்தது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அப்பாதான் சொன்னார், "அதுக்குத்தான் பொட்டி இருக்குல்லம்மா."

ஆமாம், கறக்குற பொட்டி இப்போது பின் அறையில் விதைக்கடலைக்கு ஓடுகிறது. சரக்கைக் காய வைக்கப் பிறந்த மெஷின் மறுபடி சரக்குக்கே போய்விட்டது. அப்பாயி வெயில் படும் அறையில் படுத்திருக்கிறார். இழுப்பு முழுசாக நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மருந்தும் தொடர்கிறது, டாக்டரிடமும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இந்தக் கார்த்திகையில் ராத்திரி இரண்டு மணிக்கு நான் எழுந்திருப்பது குறைந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஈரமில்லாத அறை ஒன்று இருக்கும். அதில் யார் இருக்கிறார்கள், அல்லது எது இருக்கிறது என்று இன்றைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

பி.கு.: தாத்தாவின் பேரேட்டை இப்போது முன் அறை அலமாரியில், அப்பாயி தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அதுவும் கொஞ்சம் காயட்டும்.